அந்த ஏரிக்கு யார் கொண்டுபோனது?

அன்புள்ள ஐயா,

மலை ஏரிகள் பற்றிய கட்டுரையில் ‘மனிதக் கை படாத நீர்’ என்று எழுதியிருந்தீர்கள். சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் என் மகள் அதை வாசித்துச் சிரித்துவிட்டாள். அந்த ஏரிகளின் சேற்றிலும் ஈயமும் பாதரசமும் உண்டாம். பாதையே இல்லாத இடத்துக்கு அதை யார் கொண்டுபோனது? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

சுகந்தி, வெள்ளவத்தை

அன்புள்ள சுகந்தி,

மகள் சிரித்தது சரி. ஏரியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்த நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

முதலில் ஒரு சொல் குழப்பம். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வெள்ளீயம். இங்கே பேச்சு காரீயம் பற்றி. உலோகத் தாதுவை உருக்கும்போதும் நிலக்கரியை எரிக்கும்போதும் அது நுண்துகளாகக் காற்றில் ஏறிவிடும். மேகம் மலையில் முட்டி மேலேறிக் கொட்டும்போது மழையோடும் பனியோடும் இறங்கும். அங்கே பாறைமேல் மெல்லிய மண்தான். அது கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும், மீதி ஏரியின் அடிச்சேற்றுக்குப் போய்விடும்.

இது நேற்றுத் தொடங்கியதும் இல்லை. சுவீடன் ஏரிகளின் சேற்றில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்திய அடுக்கிலேயே ஈயம் கூடியிருக்கிறது. தெற்கே ரோமர்கள் வெள்ளிக்காக ஈயத்தாதை உருக்கிய காலம் அது! பிறகு 1920களில் பெற்றோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில் 1970களை ஒட்டிய அடுக்கில் அது உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்குகிறது. நம் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. அதுவரை காலி வீதி நெரிசலில் ஓட்டோவுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அதைச் சுவாசித்தவர்கள்தான், நானும் நீங்களும் உட்பட.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அடுக்கின் வயதைச் சொல்வதும் ஈயமே என்பது. ஈயம்-210 என்று இயற்கையில் உருவாகும் கதிரியக்க வகை ஒன்று உண்டு. சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிச்சம் என்று அளந்து, நூறு நூற்றைம்பது ஆண்டு வரை பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

குடிப்பதைப் பற்றி: குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். இப்படிப்பட்ட ஏரிகளில் தண்ணீர் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. வில்லங்கம் மீனில். பாதரசம் ஆவியாக மாதக்கணக்கில் வானத்தில் சுற்றிவிட்டு இறங்கும். ஏரியின் நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடலில் எளிதில் தங்கிவிடும் நச்சு வடிவமாக, மாற்றும். பாசி, பூச்சி, சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அது செறிந்துகொண்டே போகும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய ஏரியிலும் மீனை யோசித்துத்தான் உண்ண வேண்டியிருக்கும்.

பேர வாவியின் பச்சையையும் நாற்றத்தையும் பார்த்துப் பழகிய கொழும்புக் கண் எனக்கு. தெளிந்த தண்ணீரைக் கண்டதும் நம்பிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் போட நல்ல வரி ஏதாவது மகளுக்குத் தோன்றினால் எழுதச் சொல்லுங்கள்.