வந்த வழி எங்கே போனது?

கேள்வி: இணையத்தில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, அதிலுள்ள இணைப்புகளைச் சொடுக்கிச் சொடுக்கி ஏழெட்டுப் பக்கங்கள் தாண்டிவிடுகிறேன். 'பின்செல்' பொத்தானை அழுத்தித் தொடங்கிய இடத்துக்கு வந்து வேறோர் இணைப்பில் நுழைந்தால், முன்பு பார்த்த பக்கங்களுக்கு 'முன்செல்' பொத்தான் அழைத்துச் செல்வதில்லை. அவை எங்கே போயின?

பதில்: உங்கள் மீது தவறில்லை. உலாவியின் ஒவ்வொரு தாவலும் (டேப்) நீங்கள் அதில் சென்ற பக்கங்களை ஒற்றை வரிசையாகவே நினைவில் வைத்திருக்கிறது. 'அ' என்ற பக்கத்திலிருந்து 'ஆ', அங்கிருந்து 'இ' எனச் சென்று, இருமுறை பின்செல் அழுத்தி 'அ'வுக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை 'ஆ'வும் 'இ'யும் முன்செல் பொத்தானில் காத்திருக்கும். ஆனால் 'அ'விலிருந்து 'ஈ'க்கான இணைப்பைச் சொடுக்கிய நொடியே அவை இரண்டும் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடத்தில் 'ஈ' அமர்ந்துவிடும். நாம் படிப்பதோ கிளை கிளையாக.

ஆகவே, கிளை பிரியும் இடத்தில் புதிய தாவலைத் திறப்பதே நல்லது. கணினியில் கன்ட்ரோல் விசையை (மேக் கணினியில் கமாண்ட் விசையை) அழுத்தியபடி இணைப்பைச் சொடுக்கலாம்; கைப்பேசியில் இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அதற்கான தெரிவு வரும். மூலக் கட்டுரை தன் தாவலில் அசையாமல் இருக்கும். வரிசையிலிருந்து விடுபட்ட பக்கங்களும் உலாவியின் வரலாற்றுப் பட்டியலில், நீங்கள் அதை அழிக்காதவரை, நேர வரிசையில் கிடைக்கும். இன்னொரு துணையும் உண்டு: பார்க்காத இணைப்பு நீலமாகவும் பார்த்தது ஊதாவாகவும் தெரிவது நெடுநாள் வழக்கம். அழகுக்காகப் பல தளங்கள் இந்த வேறுபாட்டை நீக்கிவிடுவது, வாசகரின் கால்தடத்தை அழிப்பதாகும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: சில இணைப்புகள் '404' (பக்கம் கிடைக்கவில்லை) என்ற அறிவிப்பில் போய் முட்டுகின்றனவே, ஏன்?

பதில்: 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வைய விரிவு வலையில் (வேர்ல்டு வைட் வெப்) இணைப்பு என்பது ஒருவழிப் பாதை. தன்னை யார் சுட்டுகிறார்கள் என்பது சுட்டப்படும் பக்கத்துக்குத் தெரியாது. அதனால் அது இடம் மாறினாலும் நீக்கப்பட்டாலும் பழைய இணைப்பு அப்படியே நிற்கும். யாரிடமும் அனுமதி கேளாமல் எவரும் எதையும் சுட்டலாம் என்ற சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. முகவரியின் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் அழித்துப் பாருங்கள். பல வேளைகளில் அந்தப் பிரிவின் முகப்புப் பக்கம் திறக்கும், அங்கிருந்து தேடிய கட்டுரையை எட்டிவிடலாம்.