மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோ ஏன் வரவில்லை?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முடியாமல் பிசியோதெரபி நின்றுபோய்விட்டது. பி.பி. மாத்திரை மட்டும் வீட்டுக்கு வருகிறது. இப்போது இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. வீட்டுக்கே வந்து பார்க்க வழி உண்டா?
- ஒரு வாசகி

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்தச் சிவப்பைப் பாருங்கள். மற்றவை இரண்டு நாள் பொறுக்கும், அது பொறுக்காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்று கொள்ளுங்கள். கருத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது இது. களிம்பு தடவிவிட்டு அதே நிலையில் படுக்க வைத்தால் ஆறாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். முழுப் பக்கவாட்டில் படுத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து, குதிகால் படுக்கையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். காற்றடித்த ரப்பர் வளையமும் வேண்டாம், விளிம்பு அழுத்தி நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்தம் போவதைக் குறைத்துவிடும். ஏர் பெட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். கரண்ட் போனால் அது தட்டையாகிவிடும் என்பதால் அடியில் மெத்தை கட்டாயம் வேண்டும். ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பிவிடுவதை நிறுத்திவிடாதீர்கள். தோல் உரிந்தாலோ கருத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் மாமியார் பெயர் ஏற்கெனவே இருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். இதற்கென வட்டார அளவில் ஒரு பிசியோதெரபிஸ்டும் ஒரு செவிலியரும் வீடுகளுக்குப் போகிறார்கள். பதிவேட்டில் ‘ரத்த அழுத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மாத்திரை மட்டுமே வரும். கை கால் விழுந்ததை யாராவது போய்ச் சொன்னால்தான் அது ஏட்டில் ஏறும்.

மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஆதார் நகல், ‘படுக்கையில் இருக்கிறார், புண் தொடங்குகிறது’ என்று நாலு வரி மனு, கைபேசி எண் ஆகியவற்றைத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் கொடுங்கள். பிசியோ ஒன்று, நோய் ஆதரவு சிகிச்சை ஒன்று என இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் சேர்த்தால் மற்றது தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம். ஒரு வாரத்தில் யாரும் வராவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் அரசின் சுகாதார உதவி எண்ணான 104-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், இது உங்கள் மாமியாருக்குச் சேர வேண்டியது.

ஒரு வட்டாரம் முழுவதையும் பார்ப்பவர் தினமும் வர முடியாது. வரும்போது அவர் செய்யும் பயிற்சிகளைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட நாட்களில் நீங்கள் செய்யுங்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியை நல்ல பக்கத்தில், அதாவது அவருடைய இடது பக்கம் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில் ஊன்றியிருக்க, முன்னால் குனியச் சொல்லி, இடுப்பில் கட்டிய கனத்த துணியைப் பிடித்து எழுப்புங்கள். விழுந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். பிறகு அந்த வலியே பயிற்சி செய்ய விடாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது ஆன பிறகே பொதுவாக மதிப்பிடுவார்கள். அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். பாதிப்பு 75 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது, எது லாபம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அடையாள அட்டைக்கான மதிப்பீட்டு முகாமுக்குப் போகும் நாளில் மாற்று டயாப்பரும் தடித்த தலையணையும் கையோடு இருக்கட்டும். வரிசையில் மணிக்கணக்கில் உட்கார நேர்ந்தால், அரை மணிக்கு ஒருமுறை அவரைச் சற்று முன்னால் சாய்த்து, புண் இருக்கும் இடத்தின் பாரத்தை இறக்கிவிடுங்கள்.