டென்னிஸ் மேட்சுக்கு முன் பிள்ளைக்கு இட்லி கொடுக்கலாமா? ஓட்ஸும் புரோட்டீன் ஷேக்கும்தான் கொடுக்க வேண்டுமா?

கேள்வியைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை. "இட்லி தின்னுட்டு எங்க ஓடப் போறான்" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறாரே, அவர் மேல். அநேகமாக அகாடமியில் பவுடர் டப்பா விற்கிறவராக இருப்பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டயட்டீஷியன் இல்லை. மகள் அண்டர் 12, 14, 16 என்று ஆடிய காலமெல்லாம் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அம்மா, அவ்வளவுதான். பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். கமெண்ட்டில் வந்து என்னிடம் சண்டை போடாதீர்கள்.

இட்லி தாராளமாகக் கொடுக்கலாம். மேட்சில் ஓடத் தேவை மாவுச்சத்து, அது அரிசியில் இருக்கிறது. ஆவியில் வெந்தது, எண்ணெய் கிடையாது, வயிற்றில் தங்காது. தவிர்க்க வேண்டியது கூடவே வரும் வடை, நெய் மிதக்கும் பொங்கல், பூரி எல்லாம்தான். கொழுப்பு செரிக்க நேரமாகும், முதல் செட்டிலேயே வயிறு கனக்கும். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் 2010-க்குப் பிறகு கோதுமையை விட்டதை எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அவர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, விட்டார். நம் இட்லியில் கோதுமையே இல்லையே, அதை மட்டும் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்?

உண்மையான தலைவலி, எப்போது கொடுப்பது என்பதுதான். மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் வயிறார, ஒரு மணி நேரம் முன்னால் கொஞ்சமாக என்பார்கள். சரிதான். ஆனால் ஜூனியர் டோர்னமெண்ட்டில் முதல் மேட்சுக்கு மட்டும்தான் நேரம் போடுவார்கள். மற்றதெல்லாம் முந்தின மேட்ச் முடிந்ததும். முன்னால் ஆடுகிற பிள்ளை 6-0, 6-0 என்று முடித்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று செட் போனால் மதியமாகிவிடும்.

மதுரையில் ஒரு மே மாத டோர்னமெண்ட்டில் இப்படித்தான் மாட்டினோம். விடியற்காலையில் இட்லி சாப்பிட்டவளுக்கு உச்சி வெயிலில்தான் கோர்ட் கிடைத்தது. காத்திருந்த நேரமெல்லாம் அரை வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கடலை மிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் பையில் தயிர் சாதத்தைப் பார்த்துவிட்டு, ஷேக்கரை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு அப்பா, "என்ன மேடம், பாப்பாவைத் தூங்க வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தார்.

அந்தத் தயிர் சாதம் சிங்கிள்ஸுக்கும் டபுள்ஸுக்கும் நடுவில் கொடுக்க வைத்திருந்தது. கோர்ட்டுக்குள் அவள் கொண்டுபோனது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து, எலுமிச்சை பிழிந்தது. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கிற அதே கணக்கு. ஆட்டத்தின் நடுவே கோர்ட்டில் பக்கம் மாறும்போது கிடைக்கிற 90 விநாடியில் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மடக்கு. அந்த வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும், வியர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும்.

"வாழைப்பழம் தின்னா கிராம்ப், அதாவது தசைப்பிடிப்பு, வராது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989 பிரெஞ்ச் ஓபனில் மைக்கேல் சாங் காலைப் பிடித்துக்கொண்டே வாழைப்பழமும் தண்ணீருமாக இவான் லெண்டலை ஐந்து செட்டில் ஜெயித்தார், உண்மை. ஆனால் பழத்தில் இருப்பது பொட்டாசியம், வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீருக்கும் இதே கதைதான். நல்லதுதான், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுங்கள். உப்பு மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை, உடம்பு பழகாமல் களைத்தாலும் தசை பிடிக்கும்.

மகள் மூன்று செட்டும் பிடிப்பு இல்லாமல் ஆடினாள், சாயங்காலம் டபுள்ஸும் ஆடினாள். சிங்கிள்ஸில் தோற்றாள். அதற்குக் காரணம் சாப்பாடு இல்லை. கோர்ட்டில் அம்பயர் கிடையாது, பந்து உள்ளேயா அவுட்டா என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். மூன்றாவது செட் 5-6-இல் இவள் அடித்து லைனில் விழுந்த பந்தை எதிரில் ஆடிய பெண் அவுட் என்றாள். கோர்ட்டைச் சுற்றியுள்ள வேலிக்கு வெளியே நின்ற அவள் அப்பாதான் முதலில் விரலைத் தூக்கினார், நான் பார்த்தேன். மொத்த டோர்னமெண்ட்டையும் பார்த்துக்கொள்கிற ரெஃப்ரியைக் கூப்பிட்டால், "நான் பார்க்கலையேம்மா" என்கிறார். என்ட்ரி ஃபீஸ் வாங்கும்போது மட்டும் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இதை இன்றைக்கும் என்னால் விட முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். மேட்ச் அன்றைக்குப் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். உப்பு-சர்க்கரைத் தண்ணீரைக்கூட இப்போதே பிராக்டீஸில் கொடுத்துப் பாருங்கள், சில பிள்ளைகளுக்குக் குமட்டும். முந்தின நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், காலையில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். புரோட்டீனுக்கு ராத்திரி முட்டையோ பருப்போ கொடுங்கள். இட்லிக்குச் சட்னி காரம் கம்மியாக இருக்கட்டும்.