627001-ம் அதற்கு அடுத்த எண்ணும்

அன்புள்ள ஐயா,

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷனின் பின்கோடு 627001 என் கண்ணில் எத்தனை ஆயிரம் தடவை பட்டிருக்கும்! எட்டாவது படிக்கும் பேத்தி, அது பகா எண்ணா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் செல்போனில் பார்த்து, “இல்ல தாத்தா, 71 × 8831” என்று அவளே சொல்லிவிட்டாள். அவ்வளவுதானா? ஒரு பெரிய எண்ணைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

நிறைய இருக்கிறது. 71-க்குப் போய்ச் சேரும் வழியே அழகானது. பேத்தியை ஒரு தாளும் பேனாவும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 627000 என்பது 3 × 11 × 19 × 1000. அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது. ஆக 2, 3, 5, 11, 19 ஐந்தும் வகுத்துப் பார்க்காமலே கழிந்துவிட்டன. 792-ஐ 792-ஆல் பெருக்கினால் 627264, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. பகா எண் இல்லையென்றால், ஒரு காரணியாவது 792-க்குக் கீழே இருந்தாக வேண்டும். எனவே 791 வரையுள்ள 138 பகா எண்களைச் சோதித்தால் போதும். நல்லவேளையாக, இருபதாவது பகா எண்ணான 71-லேயே மீதியில்லாமல் போய்விடுகிறது.

வழியில் 37-இடம் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே மீதி 36. இன்னும் ஒன்று இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். அந்த ஒன்று ஆற்றுக்கு அக்கரையில், உங்கள் ஊரில்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையின் 627002-ஐ 37-ஆல் வகுத்தால் 16946. அதையும் 37-ஆல் வகுக்கலாம், 458. ஆக அது 2 × 37 × 37 × 229. சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் எண் ஒன்றே ஒன்றுதான் கூடுகிறது, காரணிகளோ முழுக்க மாறிவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எந்த எண்ணை எழுத முடியும்? பகா எண்களுக்கான விதியைக் கணித மேதை ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பிறகு இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை நிரூபித்தார். எல்லா எண்களுக்கும் அதிலிருந்து கிடைப்பது இது: 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிற பகா எண் ஒரு எண்ணில் ஒற்றைப்படைத் தடவை காரணியாக இருந்தால், அந்த எண்ணை அப்படி எழுதவே முடியாது; மற்ற எண்களை எழுதலாம். 627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1தான், பார்த்தால் நம்பிக்கை வரும். ஆனால் உள்ளே இருக்கும் 71, 8831 இரண்டுக்குமே மீதி 3. ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் வருகிறது. அதனால் வழியே இல்லை. காரணிகளைப் பிரித்துப் பார்க்காமல் இது வெளியே தெரியாது.

உங்கள் ஊர் எண்ணில் 37, 229 இரண்டுக்கும் மீதி 1. அதனால் 627002-ஐ எழுத முடிகிறது. 629-ன் வர்க்கம் 395641, 481-ன் வர்க்கம் 231361, கூட்டிப் பாருங்கள். இன்னும் இரண்டு ஜோடிகள் உண்டு. ஒன்றில் 251 வரும், மற்றது 439-ஐ வைத்து ஆரம்பிக்கும். அவற்றின் துணைகளைப் பேத்தியே கண்டுபிடிக்கட்டும், செல்போனை மட்டும் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.