வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறைக்குள் ஒரு மாய நாடு

சிறார் மாயப்புனைவு நாவல் ஒன்றை வகுப்பில் வைத்துப் படிப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் தந்திருக்கிறோம். பதில்கள் வெறும் அறிவுரையாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக எல்லா எடுத்துக்காட்டுகளையும் ஒரே நூலிலிருந்து தருகிறேன். அது எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் வெளிவந்த 'ஓஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி'. சூறாவளியால் வீட்டோடு தூக்கிச் செல்லப்பட்டு ஓஸ் நாட்டில் வந்து விழும் டோரத்தி என்ற சிறுமி, கான்சஸில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்ப வழி கேட்டு, மூளை வேண்டும் சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டும் தகர விறகுவெட்டி, துணிவு வேண்டும் சிங்கம் ஆகிய மூவரோடு மரகத நகரத்து மந்திரவாதியைக் காணச் செல்வதுதான் கதை.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஒரு மாயப்புனைவு நாவலைத் தேர்ந்திருக்கிறேன். நடக்கவே முடியாத கதைக்குப் பாடவேளையைச் செலவிடுவதா என்று உடன் பணியாற்றுவோர் கேட்கிறார்கள். என்ன விடை சொல்வது? — ஓர் ஆசிரியை

நடக்க முடியாத கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் ஆற்றிய, தேவதைக் கதைகள் பற்றிய சொற்பொழிவில், கதை சொல்பவர் ஓர் 'இரண்டாம் உலக'த்தைப் படைக்கிறார் என்றும், அந்த உலகத்தின் சட்டங்களுக்கு ஒத்திருக்கும் வரை அவர் சொல்வது அங்கே உண்மை என்றும், நம்பிக்கையின்மை தலைதூக்கிய கணமே மாயம் கலைந்துவிடுகிறது என்றும் விளக்கினார். ஆகவே இவ்வகை நாவலைக் கூர்ந்து படிப்பது, எழுதப்படாத ஒரு சட்டப் புத்தகத்தைக் கதையின் வரிகளுக்கிடையிலிருந்து திரட்டுவதற்கு ஒப்பாகும்.

மரகத நகரத்தையே பாருங்கள். உள்ளே நுழையும் எல்லோருக்கும், நகரத்தின் ஒளி கண்ணைக் குருடாக்கிவிடும் என்று சொல்லி, வாயிற்காவலர் பச்சை நிறக் கண்ணாடியை மாட்டிப் பூட்டிவிடுகிறார். அதன் பிறகு பளிங்கும் வானமும் கதிரொளியும்கூடப் பச்சையாகவே வருணிக்கப்படுகின்றன. பிறிதோர் அத்தியாயத்தில் மந்திரவாதி, இந்த நகரம் மற்ற நகரங்களைவிடப் பச்சையானதன்று, கண்ணாடிதான் அப்படிக் காட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி, "இதை நாம் முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். தேடுகிறவர்களுக்குப் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் விடை கிடைக்கும். அரண்மனையில் டோரத்தி உடுத்திக்கொண்ட பச்சைப் பட்டாடை, கண்ணாடியைக் கழற்றி நகரத்தை விட்டு வெளியேறியதும் தூய வெள்ளையாக இருக்கிறது. அவளுடைய நாய்க்குட்டியின் கழுத்து நாடாவும் அப்படியே வெளுத்திருக்கிறது. கதை சொல்பவர் பொய் சொல்லவில்லை, கண்ணாடி அணிந்தவர்கள் கண்டதைச் சொன்னார் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று தானாகவே உணரும் நேரம், 'நோக்குநிலை' பற்றிய பத்துப் பாடங்களுக்கு ஈடானது.

வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால், கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே வானத்தில் பச்சை ஒளி தெரிந்ததே, காவலரின் தோலே பச்சை சாயலாக இருந்ததே என்று மடக்கும். அதற்கு ஆசிரியரிடம் ஆயத்தமான விடை இருக்க வேண்டியதில்லை. நகரத்தில் மெய்யாகவே மரகதங்களும் உண்டு என்பது ஒரு விடை, ஆசிரியர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்பது இன்னொன்று. எந்த விடைக்கு நூலில் கூடுதல் சான்று இருக்கிறது என்று பிள்ளைகள் வாதிடட்டும். அந்த வாதத்தை உடன் பணியாற்றுவோர் ஒரு நாள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டாலே போதும்.

கேள்வி: முழு நாவலை எப்படிப் பகுத்து நடத்துவது? ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வினா விடை எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். முதல் வாசிப்பு தடையின்றி ஓடட்டும். இந்நூலின் 24 அத்தியாயங்களில் பெரும்பாலானவை சிறியவை, ஒரு பாடவேளையில் ஒன்றோ இரண்டோ வாய்விட்டுப் படித்துவிடலாம். அருஞ்சொல் வரும்போதெல்லாம் நிறுத்திப் பொருள் சொல்வது, நல்ல தாளத்தில் நடந்துகொண்டிருப்பவரின் சட்டையைப் பிடித்து இழுப்பது போன்றது. எந்தச் சொல் தெரியாவிட்டால் கதையே புரியாதோ அதை மட்டும் படிக்கத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் சுற்றில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள், நாட்டின் வரைபடம் வரையச் சொல்லுங்கள். கிழக்கு நீலம், மேற்கு மஞ்சள், தெற்கு சிவப்பு, நடுவில் பச்சை நகரம், சுற்றிலும் பாலைவனம் என்று நூலே திசைக்கு ஒரு நிறம் தருகிறது. முதல் பதிப்பில் ஓவியர் டென்ஸ்லோவின் படங்களும் கதை நடக்கும் இடத்துக்கேற்ப நிறம் மாறியே அச்சாயின. வடக்கின் நிறத்தை மட்டும் இந்த முதல் நூல் சொல்வதில்லை. சிலர் அதைத் தாமாகவே நிரப்பிக்கொண்டு வருவார்கள். "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று அன்போடு கேட்டுவையுங்கள், படித்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கே விளங்கிவிடும்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் இந்த நூலைப் படிக்கிறார்கள். தலையை வெட்டுவதும் கழுத்தைத் திருகுவதும் வருகின்றன. குழந்தைகளுக்கு இது தகுமா? கதையின் நீதிதான் என்ன? — ஒரு தாய்

தங்கள் கவலை பொருளற்றதன்று. தகர விறகுவெட்டி 40 ஓநாய்களின் தலையை ஒவ்வொன்றாக வெட்டுகிறான், சோளக்கொல்லைப் பொம்மை 40 காகங்களின் கழுத்தைத் திருகுகிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய கதைகளின் வியப்பையும் மகிழ்ச்சியையும் வைத்துக்கொண்டு மனவேதனையையும் கொடுங்கனவையும் விட்டுவிட்டதாக பாம் தம் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்! முன்னுரையை ஓநாய்க் காட்சிக்குப் பிறகு படித்துக் காட்டி, சொன்னதைச் செய்தாரா என்று கேட்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடமாகிவிடுகிறது. நூலாசிரியரையும் குறுக்கு விசாரணை செய்யலாம் என்ற துணிவு அங்கே பிறக்கிறது. இதே விறகுவெட்டி அறியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு, அழுத கண்ணீரில் தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் நின்றவன் என்பதையும் மகளுக்கு நினைவூட்டுங்கள். அந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்தால் அச்சம் குறைந்து கேள்வி வளரும். அதன் பின்னும் ஒரு பிள்ளை கலங்கினால், அந்தப் பக்கங்களை ஆசிரியர் சுருக்கிச் சொல்வதில் தவறில்லை.

நீதியைப் பொறுத்தவரை, அறநெறியைக் கல்வி கற்றுத் தந்துவிடுகிறது, கதையில் பிள்ளைகள் இன்பத்தையே தேடுகிறார்கள் என்பது அதே முன்னுரையில் பாம் எடுத்த நிலைப்பாடு. 'இக்கதை உணர்த்தும் நீதி யாது' என்ற வினாவை எழுதிப் போட்டவுடன் வகுப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தை எழுதிவிடுகிறது என்பதே அந்த வினா மீது எனக்குள்ள குறை.

கேள்வி: இந்த நாவல் உண்மையில் பண அரசியலைப் பற்றிய உருவகக் கதை என்று படித்தேன். உயர்வகுப்பில் அப்படி நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து நடத்துங்கள். ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்ற அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் 1964இல் ஒரு கட்டுரை எழுதினார். டோரத்தி நடந்து செல்லும் மஞ்சள் செங்கல் பாதை பொன், அவள் அணியும் வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம், சோளக்கொல்லைப் பொம்மை உழவர், தகர விறகுவெட்டி ஆலைத் தொழிலாளி என்று, 1890களில் அமெரிக்காவில் நடந்த பொன்–வெள்ளி நாணயப் பூசலுக்கு நாவலைப் பொருத்திக் காட்டினார். அவருடைய முதல் நோக்கம் தம் மாணவர்களுக்கு வரலாற்றைச் சுவையாக நடத்துவது. அந்தப் பூசலில் வெள்ளியின் பக்கம் நின்ற பாப்புலிஸ்ட் இயக்கத்துக்கு பாம் ஆதரவாளர் என்பதற்கு அடிப்படை இல்லை என்று அவரே 1992இல் எழுதியும் விட்டார். ஆனாலும், வகுப்பறைக்காகச் செய்த அந்தத் திறவுகோலை நூலாசிரியரின் இரகசியம் என்று சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

உருவகம் தேடுவது குற்றமில்லை. காலணிக்கும் பாதைக்கும் பொருந்துகிற விளக்கம் பறக்கும் குரங்குகளுக்கும் பீங்கான் மனிதர்களின் நாட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பொருந்தாத இடங்களைச் சொல்லாமல் பொருந்துபவற்றை மட்டும் அடுக்கினால், மாணவர்களுக்கும் நாம் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டுகிறோம் என்றுதான் பொருள்.

கேள்வி: நான் திரைப்படத்தைப் பார்த்துவிட்டேன். புத்தகத்தையும் படிக்க வேண்டுமா? — எட்டாம் வகுப்பு மாணவர்

படிக்க வேண்டும், ஏனெனில் அவை இரண்டும் வேறு வேறு கதைகள். நூலில் காலணி வெள்ளி நிறம், 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அது சிவப்பு மாணிக்கம், வண்ணத்திரையில் எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்த மாற்றம் அது. அதைவிடப் பெரிய மாற்றம் முடிவில் இருக்கிறது. படத்தில் டோரத்தி படுக்கையில் கண் விழிக்கிறாள், எல்லாம் கனவு போலாகிவிடுகிறது. நூலிலோ அவள் மெய்யாகவே போய்த் திரும்புகிறாள், சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக அவளுடைய மாமா புதிய வீட்டையே கட்டியிருக்கிறார். எல்லாம் கனவு என்று முடித்தால் கதைக்கு ஏதேனும் குறைகிறதா, கூடுகிறதா என்று உங்கள் வகுப்பில் ஒரு விவாதம் வைத்துப் பாருங்கள். குறைகிறது என்பது என் கட்சி.

கேள்வி: தேர்வில் என்ன கேட்பது?

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதவிடுங்கள். 'பொம்மைக்கு மூளை தேவைப்பட்டதா?' என்ற ஒரே வினா போதும். பள்ளத்தைக் கடக்க மரத்தை வெட்டிப் பாலமாக்கச் சொன்னது யார் என்று தேடி எடுத்துக் காட்டுபவருக்கு மதிப்பெண் தாராளமாகத் தரலாம்.

கேள்வி: நாவலைப் படித்த பிறகு மாணவர்களைச் சொந்தமாக மாயக்கதை எழுதச் சொன்னேன். எல்லாக் கதைகளிலும் ஒரு மந்திரக்கோல் வந்து எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. என்ன செய்வது? — தமிழாசிரியர்

மந்திரத்துக்கு அளவு வைக்கச் சொல்லுங்கள். இந்நாவலின் பொன் குல்லாய் இதற்கு நல்ல மாதிரி. அதை வைத்திருப்பவர் பறக்கும் குரங்குகளை மூன்று முறைதான் ஏவலாம். மேற்குத் திசைச் சூனியக்காரி ஒரு முறை அந்நாட்டு மக்களை அடிமையாக்கவும், மற்றொரு முறை மந்திரவாதியைத் துரத்தவும் செலவிட்டு, கடைசி முறையை டோரத்தியையும் தோழர்களையும் அழித்துச் சிங்கத்தை மட்டும் பிடித்துவரச் சொல்லித் தீர்த்துவிடுகிறாள். பிறகு குல்லாய் டோரத்தியிடம் வருகிறது. முதல் ஏவலில் மரகத நகரம் திரும்புகிறாள். இரண்டாவதில் கான்சஸுக்குக் கொண்டுபோகச் சொல்ல, இந்த நாட்டை விட்டு எங்களால் போக முடியாது என்று குரங்குகளின் அரசன் கைவிரிக்கிறான், ஆனாலும் அந்த வாய்ப்பு கணக்கில் கழிந்துவிடுகிறது. மூன்றாவது, ஒரு குன்றைக் கடப்பதிலேயே முடிகிறது. கடைசியில் குல்லாயைப் பெறும் நல்ல சூனியக்காரி கிளிண்டா, மூன்று ஏவல்களையும் மூன்று தோழர்களை அவரவர் நாட்டில் சேர்ப்பதற்கே செலவழித்து, குல்லாயைக் குரங்குகளிடமே கொடுத்து அவற்றை விடுவிக்கிறாள்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். யார் எதற்குச் செலவிட்டார்கள் என்பதிலேயே அவரவர் குணம் தெரிந்துவிடுவதை மாணவர்கள் காண்பார்கள். பிறகு அவரவர் கதையை எடுத்து, மந்திரக்கோல் எத்தனை முறை வேலை செய்யும், எதைச் செய்ய அதனால் முடியாது, வீணாகிப்போன முறை எது என்ற மூன்று விவரங்களைச் சேர்த்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் படியைப் படிக்கும்போது தாங்களே வியப்பீர்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய பயணத்துக்குப் பிறகு கடைசி அத்தியாயம் ஏன் சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது? எனக்கு ஏமாற்றமாக இருந்தது. — ஆறாம் வகுப்பு மாணவி

முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து, 'சாம்பல் நிறம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். புல்வெளி, வீடு, வெயில் காய்ச்சிய மண், டோரத்தியின் அத்தையின் கன்னம், மாமாவின் தாடி, எல்லாம் சாம்பல். அந்த அத்தை இப்போது சிரிப்பதே இல்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பிறகு கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த அதே அத்தை, ஓடிவரும் டோரத்தியைக் கட்டி அணைத்து முகமெல்லாம் முத்தமிடுகிறாள். சாம்பல் என்ற சொல்லை அந்தச் சில வரிகளில் தேடிப் பாருங்கள்.