41 வயதில் தாதியர் படிப்பு: தனியார் கல்லூரியை எப்படித் தெரிவு செய்வது?

கிளிநொச்சியில் கடை வேலையை விட்டு, 41 வயதில் தாதியாக வர நினைக்கிறீர்கள். வவுனியா அரச தாதியர் கல்லூரிக்கு வயதெல்லை இருக்கிறது, அதனால் தனியார்தான் வழி.

விளம்பரத்தில் 'நேர்சிங்' என்று போட்டிருப்பார்கள். பல இடங்களில் உண்மையில் நடப்பது என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமை, 4ஆம் மட்டம்) தாதி உதவியாளர் பயிற்சி. கெட்ட படிப்பில்லை, வேலையும் கிடைக்கும். ஆனால் தாதியாகப் பதிய அது போதாது. ஆகவே கட்டணம் பேசுவதற்கு முன், போன வருட மாணவர் ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். யாருடைய முத்திரை? இலங்கை தாதியர் பேரவையில் பதிய அது செல்லுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம், வார்ட் பயிற்சி எந்த வைத்தியசாலையில், இரவு முறை உண்டா என்றும் கேளுங்கள். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸை நம்பிப் படிக்க முடியாது.