ஓடுகிற பெண்ணுக்குக் குழந்தை தங்குமா? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெண்கள் நலப் பிரிவில் 20 வருடத்துக்கு மேலாக நர்ஸாக இருக்கிறேன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானை நான்கு முறை ஓடி முடித்திருக்கிறேன். கடுமையான பயிற்சி, மாதவிடாய், கருத்தரிப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உங்களை நேரில் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அக்கா, எனக்கு 31 வயசு. கல்யாணமாகி மூணு வருஷம். காம்ரேட்ஸுக்காக வாரம் 80 கிலோமீட்டர் ஓடுறேன். ஏழு மாசமா பீரியட்ஸ் வரலை. "ஓடி ஓடி கர்ப்பப்பை இறங்கிடுச்சு"ன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

பதில்: முதல் வேலையாக இன்றைக்கே ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். ஏழு மாதம் என்றாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பை இறங்கியதால் மாதவிடாய் நிற்பதில்லை. மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் வளர்ந்த காலத்தில் உலகமே அப்படித்தான் பேசியது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து உட்கார்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அந்தப் பந்தயம் 1960 வரை ஒலிம்பிக்குக்குத் திரும்பவில்லை. நம் காம்ரேட்ஸ் 1921ல் தொடங்கியது. 1923லேயே பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண் அனுமதி இல்லாமலே ஓடி முடித்தார். ஆனால் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975ல்தான்.

உங்களுக்கு நடப்பது கர்ப்பப்பையில் தொடங்குவதே இல்லை, மூளையில் தொடங்குகிறது. ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போல ஹார்மோனைத் துளித்துளியாக விடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும், பிட்யூட்டரியைக் கேட்டுச் சூலகமும் வேலை செய்கின்றன. உடம்புக்கு வரும் சாப்பாடு போதவில்லை என்று தெரிந்தால் மூளை அந்தத் துடிப்பைக் குறைத்துவிடும். முட்டை முதிராது, ஈஸ்ட்ரோஜன் சுரக்காது, மாதவிடாயும் வராது. இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்றிவிட்டு, பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுகிறது உடம்பு.

கணக்கைப் பாருங்கள். உங்கள் எடை 54 கிலோ, அதில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கிய எடை 43 கிலோ. ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிட்டு, 13 கிலோமீட்டர் ஓட்டத்தில் 700 செலவழித்தால் மிச்சம் 1,100. அதை 43ஆல் வகுத்தால் கிலோவுக்கு 26 கூட வராது. நன்றாக இயங்க 45 வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் இளம்பெண்களுக்கு 30க்குக் கீழே கொண்டுபோனபோது ஐந்தே நாளில் அந்தத் துடிப்பு குலைந்தது. நீங்கள் ஏழு மாதமாக அப்படி இருக்கலாம்.

அதே சகோதரி: ஆனா நான் நல்லாத்தான் சாப்பிடறேன் அக்கா. எடை ஒரு கிலோகூட குறையலையே?

பதில்: இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். எடை குறையாதது சரியாக இருப்பதற்கு அடையாளம் இல்லை. வரவு குறைந்தால் உடம்பு செலவையும் குறைத்துக்கொள்ளும். தைராய்டு ஹார்மோன் தணியும், கைகால் ஜில்லென்று இருக்கும், தூக்கம் கெடும். தராசு முள் மட்டும் அசையாது.

எனக்கு 29 வயதில் 14 மாதம் வரவில்லை. சமையலறையில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியில் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது என் பழக்கம். வருடக் கடைசியில் அதைக் கழற்றும்போது புரட்டிப் பார்த்தேன், பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வட்டமும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு துண்டு டோஸ்ட், ஒரு கப் டீ. ஓடிவிட்டு நேரே வார்டு வேலை. மத்தியானம் ஒரு ஆப்பிள். ராத்திரிச் சோறு மட்டும் தட்டு நிறைய. அந்த ஒரு தட்டை வைத்துத்தான் "நல்லா சாப்பிடறேன்" என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்த மருத்துவர் "ஓடுகிறவர்களுக்கு இது சகஜம்" என்று அனுப்பிவிட்டார். நாலு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் முறிவு. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு மெலிகிறது என்பதை நர்ஸாக இருந்தும் என் காலில்தான் கற்றேன். மூன்று மாதம் வராவிட்டால் அது சகஜம் இல்லை, தயவுசெய்து காட்டுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): சிஸ்டர், என் மகளுக்குப் பதினைந்தரை வயசு. காலையில நீச்சல் பயிற்சி, சாயந்திரம் பரதநாட்டியம். இன்னும் வயசுக்கு வரலை. சடங்கு எப்பன்னு ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க.

பதில்: ஊர் கேட்பதை விடுங்கள் அம்மா. 15 வயது முடிந்தும் வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் வழிமுறை. பயிற்சிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பிறவியிலேயே வேறு காரணம் இருக்கலாம், தைராய்டும் இருக்கலாம். மார்பு வளர்ச்சி தொடங்கிவிட்டதா, உங்களுக்கு எந்த வயதில் வந்தது என்று மருத்துவர் கேட்பார், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நீச்சல் உடையிலும் நாட்டிய உடையிலும் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று யாராவது அவளிடம் சொல்கிறார்களா? பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறதா? இந்த வயதில் சேர்க்கும் எலும்பை வைத்துத்தான் அவள் அறுபது வயதில் நிமிர்ந்து நடக்க வேண்டும். அவளைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: பீரியட்ஸே இல்லாதப்போ கருத்தடைக் காப்பு எதுக்கு? கர்ப்பம் ஆக முடியாதுதானே?

பதில்: ஆகலாம். முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். நின்றுபோனது திரும்பும்போது முதலில் வருவது முட்டைதான். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் காப்பு அவசியம்.

கேள்வி (டொங்காட்): டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்தார், மாசாமாசம் வருது. அப்போ சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? என் தங்கச்சி மூணு மாசக் கருத்தடை ஊசி போடறா, அவளுக்கு வரவே இல்லை.

பதில்: மாத்திரையை நிறுத்தும் வாரத்தில் வரும் ரத்தம், அந்த ஹார்மோன் விலகுவதால் வருவது. உங்கள் மூளையும் சூலகமும் பேசத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது சாட்சி இல்லை. கருத்தடைக்கு மாத்திரை நல்லதுதான். ஆனால் நின்ற மாதவிடாயைச் சரிசெய்ய அதைக் கொடுத்தால் பிரச்சினையை மூடிவைத்தது போல ஆகும், எலும்பும் தேறாது.

தங்கச்சி விஷயம் வேறு. நம் கிளினிக்குகளில் போடும் அந்த ஊசி மாதவிடாயை நிறுத்துவது வழக்கமானதே. குழந்தைக்குத் திட்டமிட்டால் ஒன்று நினைவில் வையுங்கள்: ஊசியை விட்ட பிறகு முட்டை வெளிவர சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதை ஓட்டத்தின் தலையில் போட்டுப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (இசிப்பிங்கோ): பெரிய வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் விரதம் இருப்பேன். அதே சமயம்தான் பயிற்சியும் உச்சத்துல இருக்கு. குழந்தைக்கும் பாக்கறோம். எதை விடறது?

பதில்: அம்மனுக்கு நேர்ந்ததை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, நானும் இருக்கிறவள்தான். மரக்கறி விரதம் தடை இல்லை. சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, ரொட்டி, தயிர், வேர்க்கடலை என்று வயிறார முடியும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு 30 கிலோமீட்டர் ஓடுவதுதான் ஆகாது. அந்தப் பத்து நாள் நீண்ட ஓட்டத்தை நிறுத்தி நடையாக மாற்றுங்கள். பயிற்சியும் விட முடியாது என்றால், விரதத்தை எந்த அளவில் தளர்த்தலாம் என்று பூசாரியிடம் மனம் விட்டுக் கேளுங்கள். குழந்தைக்காக என்று சொன்னால் அவர்களே வழி சொல்வார்கள்.

கேள்வி (வெருலம்): அக்கா, என் மனைவிக்கு மாதவிடாய் ஒழுங்கா வருது. தினமும் ஜிம், ஓட்டம். ஒண்ணரை வருஷமா குழந்தை நிக்கலை. வீட்ல எல்லாரும் அவ ஓட்டத்தையே குறை சொல்றாங்க.

பதில்: தம்பி, நீங்கள் விந்துப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அது எளிய பரிசோதனை. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் அலைக்கழிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு வலிக்கிறது. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இருவருமே சேர்ந்து போங்கள். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போயிருக்க வேண்டும்.

மனைவி பக்கம் பார்த்தால், மாதாமாதம் வந்தாலும் முட்டை வெளிவராத மாதங்கள் இருக்கலாம். முட்டை வந்த பிறகான நாட்கள் குறுகி, கரு ஒட்ட நேரம் போதாமலும் போகலாம். நார்வேயில் 3,887 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009ல் வெளியானது. ஏறக்குறைய தினமும் உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கருத்தரிப்புச் சிக்கல் மூன்று மடங்கு, களைத்து விழும்வரை செய்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். மிதமாகச் செய்தவர்களிடம் அந்தப் பாதிப்பு இல்லை. 2012ல் வந்த டென்மார்க் ஆய்விலும் வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடுமையாகச் செய்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்தது. ஆனால் உடல் பருமன் உள்ள பெண்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆகவே உங்கள் மனைவி ஒல்லியா, பருமனா என்பதைப் பொறுத்தது இது. ஒல்லி என்றால் சாப்பாட்டைக் கூட்டி, வேகப் பயிற்சியைக் குறைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: எனக்கு சூலகத்துல நீர்க்கட்டி (பிசிஓஎஸ்), எடையும் அதிகம். ஓடலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் கதை முற்றிலும் வேறு. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். மேலே எழுதியதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நின்னுபோனது திரும்ப எத்தனை மாசம் ஆகும்? ஓட்டத்தை அடியோட விடணுமா? வருங்காலத்துல குழந்தையே இல்லாம போயிடுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது என்று தெரிகிறது. சூலகத்தில் உள்ள முட்டைகள் இதனால் அழிவதில்லை. அவை காத்திருக்கின்றன. வயதுதான் அவற்றைக் குறைக்கும்.

சிலருக்கு மூன்று மாதத்தில் திரும்பும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பயிற்சியை விடாமலே தினமும் 300 கலோரி போலக் கூட்டிச் சாப்பிட்டதில் பலருக்கு மாதவிடாய் திரும்பியதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். நான் ஓட்டத்தில் பாதியைக் குறைத்தேன். நான்கு மணிக்கு மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சியில் பாலும் வாழைப்பழமும், ஓடி முடித்து அரை மணிக்குள் முட்டையும் ரொட்டியும். ஐந்தாம் மாதம், இரவுப் பணியில், வார்டுக் கழிப்பறையில் அந்தச் சிவப்பைப் பார்த்து அழுதேன்.

மனக்கவலையும் இதே துடிப்பைத்தான் தடுக்கும். சாப்பாட்டைக் கூட்ட மனம் பயந்தால் ஆலோசகரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கும் திரும்பாவிட்டால் முட்டையைத் தூண்டும் ஊசிகள் உண்டு. ஆனால் எடை போதாமல் இருக்கும்போது அவற்றுக்கு அவசரப்படக் கூடாது, தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

கேள்வி: கர்ப்பம் ஆனபிறகு ஓடலாமா?

பதில்: சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால், பழக்கப்பட்டவர் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் தொடரலாம். மூச்சிரைக்கும் பயிற்சி வேண்டாம். பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். நடுவில் அவருக்குக் கீழ்முதுகில் எலும்புக் கீறலும் வந்தது, அதையும் மறக்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் சகோதரி மறுபடி: பரிசோதனை பார்த்தேன் அக்கா, இல்லைன்னு வந்திருக்கு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். என்ன கேக்கணும்?

பதில்: தைராய்டு, பிட்யூட்டரியிலிருந்து வரும் புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஹார்மோன்கள், ஈஸ்ட்ரோஜன் இவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும், சூலக ஸ்கேனையும் கேளுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை தினமும் வாயில் போட்ட ஒவ்வொன்றையும், ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். டீயில் போட்ட சர்க்கரைவரை எழுதுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருத்துவர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.